"சார், மூணாவது கணக்கு வரல"

பைத்தான் நிரல்மொழிப் பாடத்தின் கேள்விப் பகுதியில் இன்று காலை இந்த ஒரு வரிதான் இருந்தது. கீழே பதில் எதுவும் இல்லை.

ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையதளம் மாதிரித் திறந்த பாடங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து படிக்கிறார்கள். பதில் சொல்ல இருக்கும் உதவியாளர்களோ சிலர்தான்.

எந்த வாரம், எந்தக் கேள்வி, எதுவரை சரியாக வந்தது, பிழைச் செய்தியின் கடைசி வரி என்ன? கேள்வியில் இந்த நாலும் இருந்தால் சக மாணவரே சொல்லிவிடுவார்.

நிரலைப் படம் பிடித்துப் போடாதீர்கள், எழுத்தாகவே ஒட்டுங்கள். வரியின் தொடக்கத்தில் டேபும் ஸ்பேஸும் கலந்தால் பைத்தான் முரண்டு பிடிக்கும். படத்தில் அது கண்ணுக்கே தெரியாது, யாரும் ஓட்டிப் பார்க்கவும் முடியாது.

அசைன்மென்ட் கெடு முடியும்முன் விடையைப் போடக்கூடாது, சரி. எண்களை மாற்றி அதே கணக்கைக் கேட்கலாமே! பலருக்கு இது தோன்றுவதே இல்லை, அதுதான் வருத்தம்.

12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. வாட்ஸ்அப்பில் வாங்கிய விடை அந்த 25-ஓடு நின்றுவிடும்.

சந்தேகம் தீர்ந்ததா? எப்படித் தீர்ந்தது என்று அதே இடத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். அதே கணக்கில் மாட்டிக்கொண்ட இன்னொருவர் அதைத்தான் தேடி வருவார்.