உறுதியில் இருந்த விலை

"அப்படியென்றால் இந்த உறுதி பொய் சொல்கிறது என்கிறீர்களா?"

நான் காணிகளுக்கு விலை போடுகிற மதிப்பீட்டாளர். ஒரு காணி வழக்கில் சாட்சிக் கூண்டில் நின்றபோது எதிராளி தரப்புச் சட்டத்தரணி குறுக்கு விசாரணையில் என்னிடம் கேட்டது இது. உறுதி என்றது காணி விற்ற பத்திரத்தை. "உறுதியில் எழுதப்பட்டிருக்கும் பெறுமதி அது, ஐயா" என்றேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நான் கொஞ்சம் தாமதித்தேன், தட்டச்சு செய்துகொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு. என் அறிக்கையின் மூன்றாவது இணைப்பான, பக்கத்துக் காணி ஒன்றின் உறுதி அப்போது கையில் விரிந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசின், அதாவது அந்த உறுதியை அத்தாட்சிப்படுத்திய சட்டத்தரணியின் கையெழுத்து, அதன் கீழே முத்திரை. என் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவருடைய கையெழுத்துத்தான்.

வழக்குக் காணி திருகோணமலையில், அலஸ்தோட்டத்தில். தாய் போன பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவில் வந்தது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்கு. வீட்டை மூன்றாக வெட்ட முடியாது, எனவே வீடு யாருக்குப் போகிறதோ அவர் மற்றவர்களுக்குக் காசு கட்ட வேண்டும். அக்கா அந்த வீட்டில் இருக்கிறார். வழக்குப் போட்ட தம்பி கனடாவில். விலை ஏறினால் அக்காவின் கைக்காசு போகும், இறங்கினால் தம்பிக்கு நட்டம். நான் தம்பி பக்கத்தால் போனவன், கட்டணமும் அவர் தந்ததுதான். அதையும் கூண்டில் கேட்டார்கள், சொன்னேன். அது எல்லாச் சட்டத்தரணிகளும் வைக்கிற முதல் அடி, அதில் எனக்கு நோவில்லை.

நோவு உறுதிகளில். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு எங்களைப் போன்றவர்களின் அபிப்பிராயத்தைச் சாட்சியமாக எடுக்க விடுகிறது. 51ஆம் பிரிவின்படி அந்த அபிப்பிராயம் எதன் மேல் நிற்கிறது என்பதும் விசாரணைக்கு உரியது. அதனால் வெறும் தொகையை மட்டும் சொல்லிவிட்டு இறங்க முடியாது. பக்கத்துக் காணிகள் என்ன விலைக்குப் போயின என்று காட்ட வேண்டும். காட்டுவதற்குக் காணிப் பதிவகத்தில் இருக்கும் உறுதிகளை விட்டால் வேறு என்ன இருக்கிறது? ஆனால் அந்த உறுதிகளில் இருக்கும் விலை உண்மையான விலை இல்லை என்பது கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் தேத்தண்ணி விற்கிறவருக்கும் தெரியும். முத்திரை வரி முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 2018இல் மூலதன ஆதாய வரியும் திரும்பி வந்தது. வாங்குகிறவருக்கும் குறைத்து எழுதுவது லாபம், விற்கிறவருக்கும் லாபம். நொத்தாரிசு அத்தாட்சியில் காசு தன் முன்னிலையில் கைமாறியதா இல்லையா என்று எழுதியே ஆக வேண்டும். பெரும்பாலும், "என் முன்னிலையில் கைமாறவில்லை, ஏற்கெனவே பெற்றுக்கொண்டதாக விற்பவர் ஒப்புக்கொண்டார்" என்று இருக்கும். அந்த ஒரு வரியோடு நொத்தாரிசின் பொறுப்பு முடிந்துபோகிறது. சட்டப்படி பார்த்தால் அவர் பொய் எழுதவில்லை.

மூன்றாவது இணைப்பில் பேர்ச் (நாங்கள் காணி அளக்கிற அலகு) ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் என்று இருந்தது. அந்தக் காணி மூன்றரைக்குப் போனது என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால் தரகர் சொன்னார், வாங்கியவரின் மச்சான் சொன்னார், விற்றவர் அந்தக் காசில் கட்டிய வீட்டைப் போய்ப் பார்த்தேன். என் அறிக்கையில் "சந்தையில் விசாரித்ததன்படி" என்று எழுதி விலையை மேலே ஏற்றினேன்.

"யாரிடம் விசாரித்தீர்கள்?"

"தரகர்களிடம், ஐயா."

"பெயர்?"

சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தவணைக்கு அந்த மனுசனுக்கு அழைப்பாணை போகும், அதோடு திருகோணமலையில் எனக்கு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தொழில் அனுபவத்தின் அடிப்படையில் என்றேன். அதற்குப் பிறகுதான் உறுதி பொய்யா என்ற கேள்வி.

அந்த இடத்தில் "ஐயா, இதை அத்தாட்சிப்படுத்தியவர் நீங்கள்தானே, நீங்களே சொல்லுங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இரவில் படுத்தால் அந்த வாக்கியம் விதவிதமாக வருகிறது. சில நாள் பணிவாக, சில நாள் நக்கலாக. ஆனால் நான் சாட்சி, கேட்டதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும், திருப்பிக் கேள்வி கேட்பது என் வேலை இல்லை. அதோடு நான் எதையும் மறைக்கவுமில்லை. என் அட்டவணையில் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் எல்லாம் ஒழுங்காகப் பத்தி பிரித்துப் போட்டிருந்தது. அந்த அறிக்கை நீதிபதியின் மேசையிலும் இருந்தது, இரண்டு சட்டத்தரணிகளின் கையிலும் இருந்தது.

இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தும்போதே மற்றக் கேள்வி வந்துவிடுகிறது. எழுத்தில் இருந்தது போதும் என்றால் என்னை ஏன் கூண்டில் ஏற்றினார்கள்? தாளில் இருப்பதை வாயால் விளங்கப்படுத்தத்தானே.

குறுக்கு விசாரணை முடிந்து எங்கள் தரப்புச் சட்டத்தரணி என்னைத் திரும்பக் கேட்கிற மீள் விசாரணையில் அவரும் அதைத் தொடவில்லை. வெளியே வந்து கேட்டேன்.

"பார்த்தனான் தம்பி," என்றார். "அதைக் கிளறினா நாளைக்கு அவர் என்ர உறுதியில ஒண்டைத் தூக்கிக்கொண்டு வருவார். பிறகு எங்க போய் முடியும்?"

அவரும் நொத்தாரிசுதான். அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னதால் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

எதிர்த்தரப்பு ஐயாவுக்குத் தெரிந்திருந்ததா? ஆயிரக்கணக்கில் உறுதி முடித்தவர், இலக்கம் ஞாபகம் இல்லாமலும் இருக்கலாம். இல்லை, தெரிந்துதான் கேட்டாரோ, நான் வாய் திறக்க மாட்டேன் என்று எடைபோட்டுத்தான் கேட்டாரோ என்றும் தோன்றுகிறது. அடுத்த கேள்விக்குப் போகும்போது மூன்றை விட்டு நேரே நான்காவது இணைப்புக்குத் தாவினார். இது என் கற்பனையாகவும் இருக்கலாம், ஏனென்றால் நான்காவதில் என் கணக்கு உண்மையிலேயே பலவீனமாகத்தான் இருந்தது.

தீர்ப்பில் நீதிமன்றம், தான் நியமித்த நில அளவையாளரின் ஆணைக்குழு அறிக்கையில் இருந்த விலையை எடுத்தது, என்னுடையதை அல்ல. பெயர் சொல்லாத விசாரணையை ஏற்க முடியாது என்றார் நீதிபதி. சட்டத்தில் அது சரி. அக்கா கட்ட வேண்டிய தொகை குறைந்தது. 1990இல் போருக்குப் பயந்து எல்லாரும் ஓடியபோதும் திரும்பி வந்து அந்த வளவில் கிணறு இறைத்தவர் அவர், 2004இல் சுனாமி வந்தபோதும் அங்கேதான் இருந்தார். அவருக்குக் கொஞ்சம் நன்மை நடந்தால் நடக்கட்டும் என்று மனம் சொல்லிக்கொள்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மூன்று விநாடியில் அக்காவின் நினைப்பே எனக்கு வரவில்லை. அது பிறகு கண்டுபிடித்த காரணம்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அரசாங்கம் வீதிக்கோ வேறு தேவைக்கோ நிலம் எடுத்தால் சந்தை விலைதான் நட்டஈடு. அந்தச் சந்தை விலைக்கும் இதே உறுதிகளைத்தான் புரட்டுவார்கள். வரிக்குப் பயந்து குறைத்து எழுதியவர்கள் அப்போது எங்களிடம் ஓடி வருகிறார்கள். ஒருவர் தன் உறுதியைத் தானே கொண்டுவந்து, "இது சும்மா எழுதினது, நீங்கள் சரியான விலை போடுங்கோ" என்றார். எந்தத் தாளைக் காட்டிப் போடுவது? பதிவகத்தில் இருக்கும் பொய்க்கு எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு போட்டிருக்கிறோம், நானும்தான், ஏனென்றால் அந்த விலைகளை வெட்டி ஒட்டி அட்டவணை போட்டுத்தான் நான் பிழைக்கிறேன். எதிர்த்தரப்பு ஐயா மட்டும் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்று அவர் கேட்ட தொனியை மன்னிக்கவும் முடியவில்லை.

போன மாதம் அவரே தொலைபேசி எடுத்தார். உப்புவெளியில் ஒரு காணி, தன் கட்சிக்காரருக்கு நல்லதொரு மதிப்பீட்டாளர் வேண்டுமாம். "அண்டைக்கு நிதானமா நிண்டீங்கள் தம்பி, அதுதான் உங்களைக் கூப்பிடுறன்" என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன். ஒப்பீட்டுக்கு எடுத்த விற்பனைகளில் ஒன்று அவர் முடித்த உறுதி. இந்த முறை அதே அட்டவணையில், உறுதி விலைக்குப் பக்கத்தில் விசாரித்த விலைக்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறேன். அந்தப் பத்தியை நிரப்பவா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அறிக்கை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.