பினாங்கில் பசியாறிய மூன்று நாட்கள்

"பசியாறிட்டீங்களா?"

முதல் நாள் காலை, மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரில் நாங்கள் தங்கிய விடுதிக்கு எதிரே பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டார். மலேசியத் தமிழர்கள் "டிபன் ஆச்சா" என்று கேட்பதில்லை. காலையில் சாப்பிடுவதற்கு அங்கே பசியாறுவது என்றுதான் பெயர். நம் பக்கம் இஸ்லாமியர் வீடுகளில் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன். கடல் தாண்டி வந்த ஊரில், தெருவில் போகிற யாரோ ஒருவரிடம் அதை இத்தனை இயல்பாகக் கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. "இன்னும் இல்லைங்கம்மா" என்றோம். அடுத்த சந்தில் இருந்த ரொட்டிக் கடையைக் கை காட்டினார்.

நானும் மனைவியும் கிளம்பும்போதே ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தோம். எங்கே சாப்பிட்டாலும் ஒரே தட்டு, இரண்டு ஸ்பூன். அரை வயிறு நிறைந்ததும் எழுந்து நடக்க வேண்டும். பசித்ததும் அடுத்த கடை. நடுவில் எது கண்ணில் படுகிறதோ அதுதான் சுற்றிப்பார்க்கிற இடம். பினாங்குக்கு இதைவிட நல்ல திட்டம் இருக்க முடியாது என்று இப்போதும் நினைக்கிறேன். அங்கே பெரும்பாலான தெருக்கடைகளில் ஒரு பதார்த்தம்தான். அதை மட்டுமே இருபது, முப்பது வருடங்களாகச் செய்துவரும் ஒரு கை. இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொரு கைக்குத்தான் போக வேண்டும்.

ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் தம்பி. தொட்டுக்கொள்ளப் பருப்புக் கறி, கூடவே ஆற்றி நுரை பொங்கிய தே தாரிக் என்கிற பால் தேநீர். முடித்துவிட்டு மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையில் நடந்தோம். கடைவீடுகளின் முன்னால் கூரையோடு நீளும் நடைபாதைக்குக் 'காக்கி லீமா', அதாவது ஐந்தடி, என்று பெயர். நம் திண்ணைகளை வரிசையாக ஒட்டவைத்தது போல இருக்கும். வெயிலோ மழையோ, அதன் கீழேயே பாதி ஊரைச் சுற்றிவிடலாம்.

1786-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் அமைத்த துறைமுக நகரம் இது. அந்தச் சாலையைப் பிடித்து நடந்தால் யார் யார் இங்கே வந்து இறங்கினார்கள் என்பது ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். தமிழ் முஸ்லிம்களின் தலைவரான காதர் மொஹிதீன் 1801-இல் எழுப்பிய பள்ளிவாசல். சற்றுத் தள்ளி, பக்கத்துக் குவீன் தெருவில் 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில். அடுத்து, ஊதுவத்திப் புகை மண்டிய சீனர்களின் கருணைத் தாய் கோயில். கோடியில் வெள்ளைத் தூண்களோடு செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் உண்டு. அதன் வாசலில்தான் மறுபடியும் பசித்தது.

நாசி கந்தார். இதைப் பற்றி நிறைய சொல்ல வேண்டும். நாசி என்றால் சோறு, கந்தார் என்றால் தோளில் சுமக்கும் தண்டு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடி மாதிரி தண்டைத் தோளில் வைத்து, ஒரு பக்கம் சோற்றுப் பானையும் மறு பக்கம் குழம்புப் பானையும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றார்கள். இன்று தண்டு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

நாங்கள் போன கடையில் எட்டுப் பத்துக் குழம்புகள் வரிசையாக இருந்தன. மீன் தலை, கணவாய், மாட்டுக்கறி, கோழி, முழு முழு வெண்டைக்காய். அகப்பை பிடித்திருந்த பாய் எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"ஊர்ல எங்க தம்பி?"

"மதுரை பாய்."

"எங்க தாத்தா ராம்நாடு பக்கம். நான் ஒரே ஒரு தடவை போயிருக்கேன். பன்ஜிர் போடவா?"

பன்ஜிர் என்றால் வெள்ளம். "குழம்பெல்லாம் தனித்தனியாக் கிடைக்குமா?" என்று என் மனைவி கேட்டதற்கு, "தனியா ஊத்துனா அது வெறும் சோறும்மா. கலந்தாத்தான் கந்தார்" என்றார். சொன்ன கையோடு கணவாய்க் குழம்பு ஒரு கரண்டி, கோழி ஒரு கரண்டி, மீன் ஒரு கரண்டி, மறுபடி கணவாய். சோறு மூழ்கியே போனது. ஒவ்வொரு வாயிலும் வேறு ஒரு குழம்பு முந்திக்கொண்டு வந்தது: முதலில் சோம்பும் பட்டையும், அப்புறம் தேங்காய்ப்பால், கடைசியில் கணவாயின் கருத்த இனிப்பு. நம் வீட்டுச் சாப்பாட்டில் சாம்பார், ரசம், மோர் என்று ஒன்று முடிந்து ஒன்று வரும். இங்கே எல்லாம் ஒரே நேரத்தில் பேசுகின்றன. ஒரே தட்டு என்ற ஒப்பந்தத்தை மீறியது இந்த ஒரு கடையில்தான்.

ராத்திரி சார் குவே தியோ என்கிற வதக்கிய நூடுல்ஸ். கரி அடுப்பு, அதன் மேல் கருத்த இரும்புச் சட்டி. பன்றிக்கொழுப்பு உருகியதும் பூண்டு, இறால், பட்டையான அரிசி நூடுல்ஸ், முளைப்பயறு, முட்டை. தட்டில் எடுப்பதற்குச் சற்று முன்னால் சிப்பி விழும். சமைத்த சீனப் பெரியவர் ஒரு நேரத்தில் ஒரு தட்டுக்குத்தான் வதக்கினார். எனக்கு முன்னால் பதினோரு பேர் நின்றார்கள், அப்போதும் இரண்டு தட்டைச் சேர்த்துப் போடவில்லை. சட்டி நிறைந்தால் சூடு தணிந்து நூடுல்ஸ் வேக ஆரம்பித்துவிடும். வதங்காது, அந்தப் புகை வாசம் ஏறாது. முக்கால் மணி நேரம் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்குக் கச்சேரி கேட்ட மாதிரி இருந்தது. குடிக்க வேண்டியதை மட்டும் காப்பிக்கடைக்காரரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். காப்பிக்கடைக்குள் தள்ளுவண்டிகள் வாடகைக்கு நிற்கும், பானம்தான் கடைக்காரரின் வருமானம்.

இரண்டாம் நாள் 204-ஆம் எண் பேருந்தில் ஆயர் ஈத்தாம் போய் ஆசாம் லக்சா சாப்பிட்டோம். ஆசாம் என்றால் புளிப்பு. அயிலை மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்த குழம்பு. அதில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே அன்னாசி, வெங்காயம், புதினா, காட்டு இஞ்சிப் பூ. கடைசியில் ஒரு கரண்டி கருப்பான இனிப்பு இறால் விழுது. மீன் குழம்பில் வளர்ந்த நாக்குக்கு அந்தப் புளிப்பு உடனே பிடிபட்டுவிட்டது, ஆனால் புதினாவும் பூவும் அதை எங்கோ கொண்டுபோயின. பக்கத்துக் குன்றில் கெக் லோக் சி கோயில். 1930-இல் முடிந்த அதன் கோபுரம் அடியில் சீனம், நடுவில் தாய்லாந்து, உச்சியில் பர்மா பாணி. படியேற நல்ல மூச்சு வேண்டும்.

சுத்த சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காய்கறி என்று சொல்லித் தரும் பல பதார்த்தங்களில் இறால் விழுது இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். லிட்டில் இந்தியாவில் சைவச் சாப்பாட்டுக்குக் குறையில்லை.

ஆர்மேனியன் தெருவில் ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012-இல் சுவரில் வரைந்த சைக்கிள் குழந்தைகளைப் பார்த்தோம். படமெடுக்க நீண்ட வரிசை, எங்களுக்குப் பசி, நகர்ந்துவிட்டோம். சியூ ஜெட்டியில் மட்டும் நெடுநேரம் உட்கார்ந்தோம். கடலுக்குள் கால் ஊன்றிய மரவீடுகள், ஒரே குலப்பெயர் கொண்ட சீனக் குடும்பங்கள். பலகை இடுக்கில் தண்ணீர் அசைவது தெரிந்தது.

கடைசி நாள் காலை சைக்கிளில் 'புத்து மாயம்' விற்க ஒருவர் வந்தார். திறந்தால் நம் இடியாப்பம்! தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தந்தார். சௌராஸ்தா சந்தையில் ஜாதிக்காய் ஊறல் வாங்கினோம். நாம் கொட்டையை மட்டுமே பார்க்கிறோம். அங்கே மேல் சதையைச் சீவி, சர்க்கரையில் ஊறவைத்து விற்கிறார்கள்.

பட்டர்வொர்த்துக்குப் படகில் ஏறியதும் பொட்டலத்தைப் பிரித்தோம். முதலில் இனிப்பு, அடுத்து காரம், பிறகு தொண்டையில் மெல்லிய குளிர்ச்சி. கோலாலம்பூர் ரயில் வருவதற்குள் பாதிப் பொட்டலம் காலி.