வலது கால், வலது கால்!

2025 ஜனவரி 11, சனி

விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏறி உட்காருவதற்கு முன்பே அரை மணி நேரம் ஓடிவிடுகிறது. செஸ்னா 152 பயிற்சி விமானத்தில் இரண்டே இருக்கை, தோளோடு தோள் இடிக்கும். இறக்கைக்கு அடியில் உள்ள வால்வை அழுத்தி, சின்னப் பிளாஸ்டிக் குழாயில் பெட்ரோலைப் பிடித்துப் பார்க்கிறோம். 100எல்எல் என்ற இந்த விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கிப் பிரிந்து தெரியும். குழாய் முழுக்கத் தண்ணீராகவே வந்துவிட்டால் பிரிகோடே தெரியாது, நிறமில்லாததுதான் காட்டிக்கொடுக்கும். அதனால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கச் சொல்கிறார் இன்ஸ்ட்ரக்டர்.

தரையில் ஓடும்போது திருப்புவது காலால்தான். கார் ஓட்டிப் பழகியவர்கள் எல்லோருக்கும் கை தானாக யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டியரிங்கை, திருப்பப் போகுமாம். "கையை மடியில வைங்க" என்கிறார். வேகமெடுக்கும்போது புரொப்பெல்லரால் மூக்கு இடப்பக்கம் இழுக்கிறது. அப்போது காதில் விழுவதெல்லாம் "வலது கால், வலது கால்!"

ஜனவரி 19, ஞாயிறு

வானிலை அறிக்கையில் பிகேஎன்008. அதாவது 800 அடியிலேயே வானத்தின் பெரும்பகுதி மூடிக் கிடக்கிறது. வகுப்பு இல்லை.

பிப்ரவரி 1, சனி

இன்று ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழப்பது. எஞ்சினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் 15, 16 டிகிரி வாக்கில் போனதும், மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று விலகிவிடுகிறது. தூக்குவிசை சரிகிறது.

நல்ல உயரத்துக்குப் போய், பவரைக் குறைத்து, மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினோம். எச்சரிக்கை ஹார்ன் முனக ஆரம்பித்தது. அதற்கு மின்சாரம் கிடையாது: இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துளை, உள்ளே ஹார்மோனியத்தில் இருப்பதுபோல ஒரு ரீட், உறிஞ்சப்படும் காற்றே ஊதுகிறது. (இந்த விமானத்தில் எனக்கு மிகவும் பிடித்த சாமான் இதுதான்.) பிறகு ஒரு நடுக்கம், மூக்கு தொபுக்கென்று விழுந்தது. இழு, இழு என்கிறது உடம்பு. செய்ய வேண்டியதோ யோக்கை முன்னால் விடுவது. விட்ட மறுகணமே இறக்கைக்கு உயிர் வந்துவிடுகிறது.

உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால் இறக்கை சுமப்பது இரு மடங்கு எடை, ஸ்டால் ஆகும் வேகமும் 41 சதவீதம் கூடும். ரன்வேயைப் பார்த்துத் திரும்பும் கடைசித் திருப்பத்தில் பலர் உயிரை விட்டது இந்தக் கணக்கில்தான். அங்கே மீள்வதற்கு உயரமும் இருக்காது.

மார்ச் 1, சனி

லேண்டிங் மட்டும், திரும்பத் திரும்ப. தரையிலிருந்து ஏறத்தாழ இறக்கைகளின் முனைக்கு முனை நீளத்துக்குள் வந்ததும் காற்று தாங்கிக்கொள்ள ஆரம்பிக்கிறது. 152-க்கு அது 10 மீட்டர். வேகம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் விமானம் இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டே போகிறது. அந்த நேரத்தில் கண் விமானத்தின் மூக்குக்குக் கீழே போகக் கூடாது. ரன்வேயின் மறுகோடியைப் பார்த்தால்தான் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பது பிடிபடுகிறது.

"இறக்கணும்னு பார்க்காதீங்க. இறங்க விடாம பிடிச்சுக்கிட்டே இருங்க, அதுவா இறங்கும்" என்றார். அப்படியே இறங்கியது, பின்சக்கரங்கள் முதலில்.

அடுத்தது குறுக்குக் காற்று. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, எதிர்க்காலால் ரடர் (வாலில் உள்ள செங்குத்துத் திருப்பி) பெடலை மிதித்து, ஒற்றைச் சக்கரத்தில் இறங்க வேண்டுமாம். நல்ல காற்றடிக்கும் நாளாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.