பழைய பைபர் போட்டு வாங்க நாலு மாசம் அலைஞ்ச அனுபவம்

எங்க அப்பா இருபத்திரெண்டு வருஷமா அடுத்தவங்க போட்டுல பங்குக்குத்தான் தொழிலுக்குப் போயிட்டு இருந்தாரு. டீசல், ஐஸ் எல்லாம் கழிச்சு, போட்டுக்குப் பங்கு வலைக்குப் பங்குன்னு எடுத்தது போக ஆளுக்கு என்ன மிஞ்சும்னு கடக்கரையில இருக்கிறவங்களுக்குத் தெரியும். போன தை முடிஞ்சதும் சொந்தமா ஒண்ணு பாத்துரலாம்னு இறங்கினோம். கையில இருந்தது ஒன்றரை லட்சம், அதுலயும் அம்மா நகை, தங்கச்சி மகளிர் குழுவுல எடுத்த லோன் எல்லாம் சேர்த்தி. புதுசுக்கு அது பத்தாது, அதனால நாகப்பட்டினத்துல இருந்து பழையாறு வரைக்கும் ஊர் ஊரா பைக்லயே சுத்தினோம்.

மொதல்ல தரங்கம்பாடி பக்கத்துல ஒரு இருபத்தெட்டு அடி போட்டு. புது பெயிண்ட், பளபளன்னு இருந்துச்சு, எனக்கு ரொம்பப் புடிச்சிருச்சு. கூட வந்த தாய்மாமா பைபர் போட்டு கட்டுற யார்டுல வேலை பாத்தவரு, அவரு வெளிய பாக்கவே இல்ல, உள்ள ஏறி சுத்தியல் கைப்பிடியால தட்டிக்கிட்டே போனாரு. அணியத்துல, அதாவது முன் மூக்குல இருந்து நடு வரைக்கும் டக் டக்னு கெட்டியா சத்தம் வந்துச்சு, இஞ்சின் உக்கார்ற பலகைகிட்ட போனதும் தொப் தொப்னு மாறிருச்சு. அந்த இடத்துல பைபருக்குள்ள மரம் வச்சு மூடியிருப்பாங்க, போல்ட் ஓட்டை வழியா தண்ணி இறங்கி இறங்கி மரம் உள்ளுக்குள்ளயே மக்கிரும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. "தம்பி, நடுக்கடல்ல இஞ்சின் ஆட ஆரம்பிச்சா என்ன பண்ணுவ"ன்னு கேட்டாரு மாமா. அதோட வந்துட்டோம்.

அடுத்தது எனக்கு மறக்கவே மறக்காது. 2004 சுனாமிக்கு அப்புறம் உதவியா வந்த போட்டு. அந்த நேரத்துல அவசர அவசரமா ஏகப்பட்ட போட்டு கட்டிக் குடுத்தாங்க, சிலதுல பைபருக்குப் போடுற கண்ணாடி நார் மேட்டு லேயரைக் குறைச்சுட்டாங்கன்னு மாமா சொல்லுவாரு, அதுக்காக எல்லாத்தையும் மோசம்னு சொல்ல மாட்டேன், எங்க ஊர்லயே இன்னும் நல்லா ஓடுற போட்டு இருக்கு. இந்தப் போட்டும் தட்டிப் பாத்தா நல்லாத்தான் சத்தம் வந்துச்சு, விலையும் எங்க கைக்குள்ள இருந்துச்சு. ஆனா மணல்ல இருந்து அசைச்சுப் பாக்கலாம்னு தோளைக் குடுத்தா வழக்கமா நகர்த்துற ஆளுக்கு நகரவே இல்ல, இன்னும் நாலு பேரைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு. மாமாவுக்கு சந்தேகம் வந்துருச்சு. உக்கார்ற குறுக்குப் பெட்டிக்குள்ள ஃபோம் அடைச்சிருப்பாங்க, போட்டு கவுந்தாலும் முழுகாம மிதக்குறதுக்கு அதுதான் உசுரு. போட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு பெட்டி அடியில சின்னதா ஒரு ஓட்டை போட்டாரு, குழாயைத் தொறந்த மாதிரி பழுப்புத் தண்ணி வந்துச்சு, நாங்க டீ குடிச்சுட்டு வந்தும் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. ஃபோம் பூரா ஊறிப்போச்சு, இனி அது மிதக்காது, உள்ள இருக்கிற பாரம் மட்டும்தான். பாவம் அந்தப் போட்டுக்காரருக்கே தெரியல, அவரு மகன் அதுலதான் தினம் போயிட்டு இருந்தான். வித்தாலும் விக்காட்டியும் அந்தப் பெட்டியை வெட்டி ஃபோமை மாத்திருங்கண்ணேன்னு கெஞ்சிட்டுத்தான் வந்தேன்.

நடுவுல நாலஞ்சு பாத்தோம், எதுவும் சரியா வரல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, பைபர் போட்டு போகலாம், மீனுக்கு நல்ல விலை கிடைக்கும், அந்த நேரத்துல யாரு போட்டை விப்பாங்க.

கடைசியா வாங்கினது பாக்கவே நல்லா இருக்காது, பெயிண்ட் உரிஞ்சு, அடியில ரெண்டு ஒட்டு. டிராக்டர் வச்சு மணல்ல இழுக்குற போட்டுக்கு அடி தேயத்தான் செய்யும், ஒட்டு இருக்கிறது தப்பில்ல, அது எப்படிப் போட்டிருக்குன்னு பாக்கணும்னாரு மாமா. நல்ல தண்ணியில கழுவி உப்பு போக நாலு நாள் காயவச்சு, தேய்ச்சுட்டு ரெசின் பசை போட்டா புடிக்கும், ஈரத்துல போட்டா கொஞ்ச நாள்ல பொளந்துரும். இதுல ஒரு ஒட்டு சரியா இருந்துச்சு, இன்னொண்ணை நாங்களே பிரிச்சுப் போட்டோம், ஒன்பதாயிரம் ஆச்சு.

இஞ்சின் லாங் டெயில் டீசல், நீளமான தண்டு நுனியில விசிறி இருக்கிற வகை. நாங்க போறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி சூடா வச்சிருந்தாங்க, அப்பா ஒத்துக்கல, மறுநாள் விடியக்காலம் யாருக்கும் சொல்லாமப் போயி குளிர்ந்த இஞ்சினை அவரே சுத்தினாரு. ரெண்டாவது சுத்துல புடிச்சுது, நீலப் புகை வரல, ஆயில் பால் மாதிரி வெளுத்து இல்ல. அப்புறம் அஞ்சு பேரு, வலை, ஐஸ் பெட்டி எல்லாத்தையும் ஏத்தி அலைக்கு வெளிய ரெண்டு மணி நேரம் ஓட்டினோம். ஆள் ஏறாம சும்மா ஓட்டிப் பாக்குறது வேஸ்ட். கரைக்கு வந்து அள்ளினா அரை வாளி தண்ணிதான் இருந்துச்சு.

விலை பேசுறப்பதான் அவரு மீன் வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்கியிருக்கிற விஷயம் தெரிஞ்சுது. போட்டு கைமாறினாலும் பிடிக்கிற மீனை அந்த வியாபாரிக்கே போடணும்னு வந்து நிப்பாங்க, அதனால ஊர் பஞ்சாயத்தார் முன்னாடி வியாபாரி பாக்கியை நேரா அவர்கிட்ட குடுத்து எழுதி வாங்கிட்டு மிச்சத்தைத்தான் போட்டுக்காரர் கையில குடுத்தோம். மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்தஞ்சாயிரம்.

பதிவு அவரோட இறந்துபோன அப்பா பேர்ல இருந்துச்சு. ஐஎன்டி டிஎன் 06 எம்ஓன்னு அணியத்துல எழுதியிருக்கிற பதிவு நம்பரும் பதிவு புக்குல இருக்கிறதும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாத்தோம், பேரைப் பாக்காம விட்டுட்டோம். வாரிசு சான்றிதழ் வாங்கி மொதல்ல அவரு பேருக்கு மாத்தி, அப்புறம் எங்க பேருக்கு மாத்த அஞ்சு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் வருஷத்துக்கு 4,400 லிட்டர்னு குடுக்குற வரியில்லா டீசல் எங்களுக்கு இல்ல, பங்க்ல முழு விலைக்குப் போட்டுத்தான் போனோம். ஐப்பசி பொறந்து வாடை அடிக்க ஆரம்பிச்ச வாரம்தான் புக்கு கைக்கு வந்துச்சு, அப்பா பேரை அதுல பாத்துட்டு அம்மா சாமி படத்துக்கிட்ட கொண்டுபோய் வச்சாங்க.