வலது கைக்கு வேலை

2025 ஜூலை 7, திங்கள்

பக்கவாதம் வந்த என் மாமியார் கோலூன்றி நடக்கத் தொடங்கிவிட்டார். இனி பயமில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. வலது கை மட்டும் மடியில் கிடக்கிறது. அதைப் பற்றி யாருக்கும் பேச்சில்லை. அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி சிகிச்சைக்காக இன்று நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனேன். சிகிச்சையாளர் கையைத் தொடும் முன்பே, "காலையில் எழுந்தால் என்னென்ன வேலை செய்வீர்கள், அம்மா?" என்று கேட்டார். பூக் கட்டுவேன் என்றார் மாமி. பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளைக்காரி வேறென்ன சொல்வார்! பிறகு குரலைத் தாழ்த்தி, தன் கையால் சாப்பிட வேண்டும் என்றார். இடது கையால் உண்ண அவருக்குக் கூச்சம். மகன்தான் ஊட்டுகிறார்.

ஜூலை 10, வியாழன்

ஜாக்கெட் போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லித்தர இத்தனை நாள் ஓர் ஆள் இல்லை.

ஜூலை 19, சனி

நல்ல கைக்குத் துணியுறை மாட்டி, தினமும் சில மணி நேரம் வலது கையையே வேலை வாங்கச் சொன்னார்கள். விரல்களில் கொஞ்சமாவது அசைவு உள்ளவர்களுக்குத்தான் இந்த முறையாம். விட்டுவைத்த கையை மூளையும் விட்டுவிடும். திரும்பத் திரும்பப் பழக்கினால், சேதமடைந்த பகுதியின் வேலையை மற்ற பகுதிகள் ஓரளவு ஏற்கும். நடக்கும்போது உறையைக் கழற்றிவிட வேண்டும், கோல் அந்தக் கையில்தானே.

சோறு பிசைவது கடினம் என்பதால் அவித்த மரச்சீனிக் கிழங்குத் துண்டுகளில் தொடங்கினோம். தட்டு நழுவாதிருக்க அடியில் ஈரத்துணி. பாதி மடியில் விழுந்தது. ஊட்ட வந்த என் கணவரைக் கடைக்கு அனுப்பிவிட்டேன். பாசம் பெரிதுதான், ஆனால் அந்தக் கைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பார்க்க வந்த சொந்தக்காரர், "வயதானவளை ஏன் பாடுபடுத்துகிறாய்?" என்றார். காபி கொடுத்து அனுப்பினேன். ஆக்குபேஷனல் தெரபி கற்றுத்தர 1950இலேயே மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் பள்ளி தொடங்கிவிட்டார். எங்கள் ஊரில் இன்னும் 'கை பிடித்துவிடுவது' என்றுதான் நினைக்கிறார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஓணம் நெருங்குகிறது, சந்தையில் கால் வைக்க இடமில்லை. எங்கள் தோவாளைப் பூமாலையான மாணிக்கமாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு வேறு. சிகிச்சையாளரே பூவும் நாரும் கொண்டுவரச் சொன்னார். பிச்சி பொடிப்பூ, விரலுக்கு அகப்படாது, அதனால் அரளி. முதலில் வலது கை நாரை அழுத்திப் பிடித்தால் போதும். இன்று சுற்று போடவும் வந்தது. முடிச்சு தளர்வு, சந்தையில் எவனும் எடுக்கமாட்டான் என்று மாமி தானே தள்ளிவைத்தார்.

அடுத்து அரிவாள்மனை வேண்டுமாம். தரையில் உட்கார்ந்து எழ இன்னும் முடியாது. பலகையில் இரண்டு ஆணி அடித்து, காயை அதில் குத்தி நிறுத்தி, ஒரு கையால் கத்தி பிடித்து நறுக்கலாம் என்று சிகிச்சையாளர் படம் வரைந்து தந்திருக்கிறார். ஆசாரியிடம் கொடுத்தாயிற்று. துருப்பிடிக்காத ஆணியாக இருக்க வேண்டும் என்று மாமி போனில் அவரை அதட்டிக்கொண்டிருக்கிறார்.