ஒரே நிறுவனம், இரண்டு வேலை, ஒரு விசா

நானும் என் கணவரும் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தோம். அவர் திட்ட மேலாளர். நான் தரச் சோதனைப் பிரிவில் 11 ஆண்டுகளாக இருந்து, எட்டுப் பேர் கொண்ட குழுவை நடத்திக்கொண்டிருந்தேன். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனம் அவரை அமெரிக்கக் கிளைக்கு மாற்ற முன்வந்தது. அதே கிளையில் என் துறையிலும் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒருவருக்காக மற்றவர் வேலையை விட்டுவிட்டுப் போகும் குடும்பங்களை நாங்கள் நிறையப் பார்த்திருந்ததால், அந்த நிலை எங்களுக்கு வரப்போவதில்லை என்பதில் இருவருக்குமே மிகுந்த நிம்மதி இருந்தது. மகளுக்கு அப்போது 9 வயது.

மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் 'பணியாளர்' என்ற கட்டத்தில் அவர் பெயர் இருந்தது. என் பெயர் அதற்குக் கீழே, மகளின் பெயருக்கு மேலே, 'சார்ந்திருப்பவர்கள்' என்ற கட்டத்தில் இருந்தது. எனக்கும் அதே நிறுவனத்தில் ஒரு பணியாளர் எண் உண்டு என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. விசாரித்தபோது, "மேடம், ஒரு குடும்பத்துக்கு ஒரு மனு போதும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு உங்களுக்கும் வேலை கொடுத்துவிடுவார்கள்" என்று பதில் வந்தது. அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பதிலோடு நான் நின்றிருக்கக் கூடாது.

ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு மாற்றப்படுபவர்களுக்கு உரியது எல்-1 விசா. மனு போடும் நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள் குறைந்தது ஓராண்டு தொடர்ச்சியாக அந்த நிறுவனத்துக்காக வெளிநாட்டில் வேலை செய்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. மேலாளர்களுக்கு உரிய எல்-1ஏ பிரிவில் அதிகபட்சம் 7 ஆண்டுகளும், சிறப்பு அறிவு உள்ளவர்களுக்கு உரிய எல்-1பி பிரிவில் 5 ஆண்டுகளும் தங்கலாம். வாழ்க்கைத் துணைக்கும் 21 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளுக்கும் எல்-2 கிடைக்கும். என் பணிக்காலத்தையும் பொறுப்பையும் வைத்துப் பார்த்தால், எனக்காகவும் தனியாக ஓர் எல்-1 மனு போட்டிருக்க முடியும். அப்படிப் போட்டால் நிறுவனத்துக்கு இரண்டாவது வழக்கறிஞர் கட்டணமும் இரண்டாவது அரசுக் கட்டணமும் ஆகும் என்பதால், கேட்காதவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எங்களுக்குக் கிடைத்த அவகாசம் மூன்று வாரம். வீட்டைக் காலி செய்வது, பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்குவது, பெற்றோரின் மருத்துவ ஏற்பாடுகளைக் கவனிப்பது என்று ஓடிய ஓட்டத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்தக் கையெழுத்தின் முதல் விளைவு சில நாட்களிலேயே தெரிந்தது. கணவர் சென்றது 'இடமாற்றம்'; நான் செல்வதோ 'புதிய நியமனம்'. அவருடைய பணிக்காலம் அறுபடாமல் தொடர்ந்தது. திரும்பி வந்தால் பழைய கிளையில் அவருக்கு ஓர் இடம் உண்டு என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். நான் ராஜினாமா செய்ய வேண்டியிருந்தது. என்னுடைய 11 ஆண்டுப் பணியை விடுப்புக் கணக்குக்காவது சேர்த்துக்கொள்ளும்படி எழுத்து மூலம் கேட்டேன். பல மின்னஞ்சல்களுக்குப் பிறகு அதை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். திரும்பி வருவதற்கான உறுதியைக் கடைசிவரை தரவில்லை. ஒரே நாளில் ஒரே விமானத்தில் ஏறிய இரண்டு பணியாளர்களில் ஒருவருக்குப் பின்னால் வாசல் திறந்தே இருக்க, மற்றவருக்கு அது மூடிக்கொண்டது என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

2022 ஆகஸ்டில் போய் இறங்கினோம். அந்த நாட்டுக்குள் தற்காலிக விசாவில் நுழையும் வெளிநாட்டவருக்கு ஐ-94 என்ற வருகைப் பதிவு உண்டு. எல்-1இல் இருப்பவரின் துணைவர் வேலை செய்ய முன்பெல்லாம் தனி அனுமதி அட்டைக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் அந்தத் தேவை நீங்கியது. 2022 ஜனவரி இறுதியிலிருந்து வருகைப் பதிவில் 'எல்-2எஸ்' என்று குறிக்கத் தொடங்கினார்கள். அந்த 'எஸ்' என்ற ஒற்றை எழுத்துதான் வேலை செய்யும் உரிமைக்குச் சான்று. முதல் நாள் இரவு, பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல், தற்காலிக விடுதியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கைபேசியில் என் பதிவைத் திறந்து பார்த்தேன். 'எல்-2' என்று மட்டும் இருந்தது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகளின் பதிவைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. 9 வயதுச் சிறுமிக்கும் எனக்கும் அந்தப் பதிவு வேறுபாடு காட்டவில்லை.

வேலையில் சேர்ந்த 3 வேலை நாட்களுக்குள் பணி அனுமதிச் சான்றைக் காட்டியாக வேண்டும் என்பதால், நான் சேரும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். திருத்தம் கேட்டுத் திருமணச் சான்றிதழோடு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஐந்து வாரம் காத்திருந்தேன். கணவர் காலையில் அலுவலகம் புறப்படுவார். நான் வாசலில் நின்று அனுப்புவேன். ஒரு நாள் மகள், "அம்மா, உங்களை ஆபீஸிலிருந்து அனுப்பிவிட்டார்களா?" என்று கேட்டாள். குழந்தைக்குப் புரியும்படி ஒரு விளக்கம் சொல்ல எனக்கு வரவில்லை. ஆறாவது வாரம் அந்த எழுத்து வந்து சேர்ந்தது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை நான் வேலையில் சேர்ந்தேன்.

'சார்ந்திருப்பவர்' என்ற சொல்லின் முழுப் பொருளும் எனக்கு அதன் பிறகுதான் விளங்கியது. எல்-1இல் இருக்கும் கணவர் அவருக்காக மனு போட்ட நிறுவனத்துக்கு மட்டுமே வேலை செய்யலாம். எல்-2எஸ்ஸில் இருக்கும் நான் எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கலாம், சொந்தமாகத் தொழில்கூடத் தொடங்கலாம். அந்த வகையில் பார்த்தால் கட்டுப்பட்டவர் அவர்தான். ஆனால் என் சுதந்திரம் முழுவதும் அவருடைய வேலையின் மேல் நிற்கிறது. அவர் வேலை போனால், வேறு வழி தேடிக்கொள்ள அதிகபட்சம் 60 நாள் அவகாசம். என்னை யாரும் வேலையிலிருந்து நீக்காவிட்டாலும் என் அனுமதியும் அதோடு சேர்ந்தே போகும். நிறுவனத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்ட ஆண்டில், எங்கள் வீட்டில் இரண்டு சம்பளம் வந்தும் ஒரே சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டின் பயமே இருந்தது. ஆளுக்கொரு எல்-1 இருந்திருந்தால், ஒருவர் வேலை போனாலும் மற்றவரின் துணைவராக மாறிக்கொண்டு குடும்பம் அங்கேயே தங்க விண்ணப்பித்திருக்கலாம்.

2025இல் கணவரின் முதல் 3 ஆண்டு முடிந்து நீட்டிப்பு மனு தயாரானபோது, எனக்கும் இப்போது ஓர் எல்-1 மனு போட முடியுமா என்று கேட்டேன். வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார்: கடந்த 3 ஆண்டுகளுக்குள் வெளிநாட்டில் ஓராண்டு வேலை என்ற நிபந்தனை இப்போது எனக்குப் பொருந்தாது, துணைவராக இங்கே இருந்த காலம், அதே நிறுவனத்தில் வேலை செய்திருந்தாலும், அந்தக் கணக்கைப் பின்னோக்கி நகர்த்தாது. 2022இல் என் கையில் இருந்த தகுதி, நான் அறியாமலேயே 2024இன் நடுவில் காலாவதியாகியிருந்தது.

சென்ற மாதம் பழைய கிளையிலிருந்து என் குழுவில் இருந்த பெண் அழைத்தாள். அவளும் அவள் கணவனும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறார்கள். இருவருக்கும் அமெரிக்கக் கிளையில் இடம் கிடைத்திருக்கிறது. "அக்கா, அடுத்த மாதமே கிளம்பச் சொல்கிறார்கள். குழந்தையின் பள்ளியைப் பற்றித்தான் கேட்கலாம் என்று கூப்பிட்டேன்" என்றாள்.

"பள்ளியைப் பற்றி அப்புறம் பேசலாம். படிவம் வந்துவிட்டதா? அதில் உன் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பார்த்துச் சொல்" என்றேன். தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. சிறிது நேரம் அவள் எதுவும் பேசவில்லை.

"கையெழுத்துப் போட்டுவிட்டாயா?"

"இல்லை அக்கா, நாளைக்குத்தான் கொடுக்க வேண்டும்."

உட்கார்ந்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.