ஜோபர்க்கில் இருந்து டர்பன் வரை, பின் சீட்டில் மூன்று பிள்ளைகள்

ஜூலை லீவு வந்தால் எங்களைப் போல தென்னாப்பிரிக்காவின் ஜோபர்க்கில் (ஜோகன்னஸ்பர்க்) இருக்கிற பலருக்கும் டர்பன் கடற்கரைதான். என்-3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர், இடையில் நிறுத்தி இளைப்பாறுவதையும் சேர்த்தால் ஒரு பகல் போய்விடும். டயரில் காற்று, எஞ்சினில் ஆயில் எல்லாம் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள்கூட, பின் சீட்டில் யார் எங்கே உட்காருவது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதை நீங்களே, முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள்.

சண்டை சத்தம் காதுக்கு வலி என்பதற்காகச் சொல்லவில்லை. 120 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 33 மீட்டர் ஓடுகிறது. "என்னடா அங்கே?" என்று இரண்டு நொடி திரும்பிப் பார்த்தால் 66 மீட்டர் ரோட்டைப் பார்க்காமலே ஓட்டியிருக்கிறோம். அதுவும் வான் ரீனன்ஸ் மலைப்பாதையில், பனிமூட்டத்தில், முன்னும் பின்னும் லாரிகள் போகும்போது! ஓட்டுகிறவர் எதற்காகவும் திரும்பக் கூடாது, பின்னால் பேசுவதெல்லாம் பக்கத்தில் இருப்பவர் வேலை. எங்கள் வீட்டில் இது கண்டிப்பான சட்டம்.

எங்களுக்கு மூன்று பேர். பெரியவனுக்கு 9 வயது, அடுத்தவளுக்கு 6, பாப்பாவுக்கு 2. பெரிய பிள்ளைகள் இருவரும் ஜன்னல் ஓரம், நடுவில் பாப்பாவின் சீட். பாப்பாவின் சீட்டுக்கு இரண்டு பக்கமும் உயரமான தடுப்பு இருப்பதால் பெரியவன் கை அடுத்தவள் பக்கம் போக வழியில்லை. ஆனால் எல்லா வண்டியிலும் இது சரிப்படாது. குழந்தை சீட்டை வண்டியோடு மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் ஓர சீட்டுகளில்தான் இருக்கும், நடுவில் பெல்ட்டால் கட்டுகிற மாதிரி சீட் வேண்டும், மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் அடங்குமா என்று வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கிற பூஸ்டர் சீட்டுக்குத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட் அவசியம், வெறும் இடுப்பு பெல்ட் போதாது. தடுப்புக்காகப் பெட்டியையோ பாத்திரப் பையையோ நடுவில் வைக்காதீர்கள், சடன் பிரேக் போட்டால் அது பிள்ளை மேல்தான் பாயும்.

இந்த ஊர்ச் சட்டப்படி 2015 ஏப்ரல் 30 முதல் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தனி சீட் கட்டாயம். அப்படியும் முன் சீட்டுகளுக்கு நடுவில் குழந்தை நின்றுகொண்டே வருகிற வண்டிகளை இன்னும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் அடிவயிறு பதறுகிறது.

சரி, பிரித்து உட்கார வைத்தாயிற்று, அமைதி? பிள்ளைகளுக்கு "இன்னும் மூன்று மணி நேரம்" என்றால் ஒன்றும் புரியாது. டோல்கேட் புரியும். டி ஹூக், வில்கே, துகேலா, மூய், கடைசியில் மாரியன்ஹில், மொத்தம் ஐந்து. அந்தப் பெயர்களைப் பெரியவன் ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறான், ஒவ்வொன்றும் தாண்டும்போது தங்கை அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவாள். டேப்லெட் யார் கையில் என்பதும் டோல்கேட் கணக்குதான். அதனால் "அம்மா, அவன் தரமாட்டேங்கிறான்" என்ற பேச்சு வந்தால், "அடுத்த கேட் வரட்டும்" என்பதோடு முடிந்துவிடுகிறது.

கஷ்டமான பகுதி வில்கேக்கும் துகேலாவுக்கும் நடுவில். அதுதான் மிக நீளமான இடைவெளி, ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இரண்டு பக்கமும் காய்ந்த வயலைத் தவிர வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லை, சண்டை மூளுவதும் அங்கேதான். அந்த நேரத்துக்கென்றே எங்கள் அம்மா ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கதை சொல்லி அனுப்புகிறார். ராஜா கதை, நரிக் கதை, நடுநடுவே "கேக்குதா கண்ணுங்களா?" என்று ஒரு கேள்வி, பின்னால் இரண்டு பேரும் ஒரே குரலில் "கேக்குது பாட்டி!" ஒருவரை ஒருவர் தொடாமல் ஒன்றாக ஒரு காரியம் செய்ய முடியும் என்றால் அது கதை கேட்பதுதான் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் நார்ச்சிப் பழம், அதாவது இங்கே கிடைக்கிற கமலா ஆரஞ்சு வகை. ஜூலையில் நன்றாகக் கிடைக்கும். தோல் தளர்வாக இருப்பதால் ஆறு வயது விரலுக்கே உரிந்து வரும், தோல் அறுந்துபோகாமல் ஒரே சுருளாக உரிக்க வேண்டும் என்று அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், வண்டி முழுக்க அந்த வாசனை. கை வேலையாக இருக்கும்போது கிள்ளத் தோன்றாது. பாப்பாவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் எதுவும் கொடுப்பதில்லை, புரையேறினால் உடனே எடுக்க முடியாது. வழியில் ஹாரிஸ்மித் ஊரில் நிறுத்தும்போதுதான் அவளுக்குச் சாப்பாடு.

"இறக்கி விட்டுடுவேன்" என்று மிரட்டாதீர்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்துவதே இங்கே ஆபத்து, நாம் செய்யப் போவதில்லை என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். சண்டை முற்றினால் கதையை நிறுத்திவிடுவேன், அடுத்த பெட்ரோல் பங்க்கில் எல்லோரும் இறங்கி ஓடிவிட்டு வருவோம். பாதிச் சண்டைக்குக் காரணம் மரத்துப்போன கால்தான்.

திரும்பி வரும்போது பெரிய பிள்ளைகள் இருவரும் ஜன்னலை மாற்றிக்கொள்வார்கள். இதைக் கிளம்பும் அன்றே சொல்லிவிடுங்கள், டர்பனில் பார்க்கிங்கில் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தால் நடக்காது.